சறுக்கியது சாக்கு அல்ல

“நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு” என்று நம்மவரிடையே ஒரு பழமொழி வழங்கி வருகிறது. வேலைக்குப் பின்வாங்கிக்கொண்டு ஏதேனும் ஒரு சமாதானம் சொல்லுகிறவனைக் கண்டால் இதை எடுத்து வீசுவது வழக்கம். மனிதனைப் பற்றிய வரையில் இந்தப் பழமொழி பொருந்தலாம். குதிரையைப் பற்றிய வரையிலோ இது பெரிய அபாண்டம். உலகத்தில் சாக்குச் சொல்லத் தெரியாத பிராணி ஒன்று உண்டு என்றால் அது குதிரைதான்.

இதற்குக் காரணம் அதன் பரம்பரையிலேயே இருக்கிறது. குதிரை புல்வெளியில் கூட்டமாகத் திரிந்து, ஓநாய்க்கும் சிங்கத்திற்கும் தப்பி ஓடிப் பிழைத்த ஜாதி. கூட்டத்தைத் துரத்தி வரும் துஷ்ட மிருகம் முதலில் குறிவைப்பது எதை? சற்றே காலை இழுத்து நடக்கும் குதிரையைத்தான். ஆகவே வலியை வெளிக்குக் காட்டாமல் விழுங்கிக்கொள்ளும் குதிரையே உயிர் தப்பியது. லாயத்தில் கட்டி நாம் கொள்ளு வைக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பழைய சுபாவம் மாறவில்லை. குதிரை நொண்டுகிறது என்று வழியில் போகிறவனுக்கும் தெரிகிற நிலை வருவதற்கு முன்பே, அந்தக் காலில் நோய் பல வாரங்களாகவோ மாதங்களாகவோ குடியிருந்திருக்கக்கூடும்.

“ஜட்கா வண்டிகள் மறைந்து போயின, இனிக் குதிரையின் காலைப் பற்றி யாருக்குக் கவலை?” என்று நேயர்கள் கேட்கலாம். 2012ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 6,25,000 குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019ஆம் வருஷத்துக் கணக்கில் அவை சுமார் 3,40,000 ஆகக் குறைந்துவிட்டன. வாஸ்தவந்தான், தொகை பாதிக்கு அருகில் இறங்கிவிட்டது. ஆனால் மிஞ்சியிருப்பவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வட இந்தியாவின் செங்கற் சூளைகளில் பாரம் இழுக்கின்றன. இமாலயத்து க்ஷேத்திரங்களுக்கு யாத்திரிகர்களைச் சுமந்து ஏறுகின்றன. நம் மெரினாக் கடற்கரையிலும், உதகமண்டலத்திலும், கொடைக்கானலிலும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வலம் வருகின்றன. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை ஏழைகளின் சொத்து. அந்த வீடுகளில் குதிரையின் கால் நின்றால் உலையும் நின்றுபோகும். ஆதலால் குதிரையின் பின்னங்காலைப் பற்றிய பேச்சு ஒரு குடும்பத்தின் சாப்பாட்டைப் பற்றிய பேச்சும் ஆகிறது.

வாங்கத் தெரிந்தோம்

குதிரை வாங்குவதில் தமிழ்நாட்டு மன்னர்கள் என்றுமே கை சளைத்தவர்கள் அல்லர். பாண்டியன் கொடுத்தனுப்பிய குதிரைப் பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிற் பணிக்குச் செலவிட்டுவிட்ட மாணிக்கவாசகருக்காக, இறைவன் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டி வந்த திருவிளையாடலை அறியாத தமிழர் இல்லை. அக்கதைக்குள்ளே ஒரு சரித்திர உண்மையும் பொதிந்து கிடக்கிறது: கடல் வழியாக வரும் குதிரைக்கு அரசன் பொக்கிஷத்தைத் திறந்து கொட்டினான் என்பதே அது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, இந்த வியாபாரத்தின் மறுபக்கத்தையும் எழுதி வைத்துப் போயிருக்கிறார். அரசர் ஒவ்வொருவரும் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினாலும், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம். காரணம், குதிரையைப் பேணும் முறை இங்குள்ளவர்களுக்குத் தெரியாது. லாடம் கட்டி வைத்தியம் செய்பவர்களும் இல்லை. குதிரை விற்ற வர்த்தகர்களோ அத்தகைய வைத்தியர்களைத் தாங்களும் அழைத்து வருவதில்லை; மற்றவர் வருவதையும் தடுத்தார்களாம். குதிரைகள் சாகச் சாகத்தானே அவர்களுடைய வியாபாரம் வளரும்! அந்நிய தேசத்தார் சொன்னதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆயினும் பொருளை விற்பவன் அதைக் காக்கும் வித்தையை மறைத்து வைக்கிறான் என்பது, அடிமைப்பட்டிருந்து மீண்ட நம் நாட்டுக்குப் புதிய பாடம் அல்ல.

வருந்தத்தக்கது என்னவென்றால், அந்த வித்தை பாரத நாட்டில் இல்லாததன்று. சாலிஹோத்திர முனிவரின் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் பிற தேசத்துப் பாஷைகளிலும் பெயர்க்கப்பட்ட புகழுடையது. பாண்டவரில் நகுலன், அஞ்ஞாதவாச காலத்தில் விராடனுடைய லாயத்தில் கிரந்திகன் என்ற பெயரோடு குதிரைகளைப் பேணி வந்தான் என்று மகாபாரதம் கூறுகிறது. ராஜகுமாரனுக்கு இழிவில்லாத தொழிலாக அன்று குதிரை வைத்தியம் இருந்தது. சாஸ்திரம் ஏட்டில் இருந்தது. குதிரை லாயத்தில் செத்தது. இரண்டையும் இணைக்க ஆள் இல்லாமற்போயிற்று.

பின்னோக்கி மடியும் முழங்காலா?

குதிரையின் பின்னங்காலைப் படம் போடச் சொன்னால், “அதன் முழங்கால் பின்பக்கம் மடிகிறது” என்று நம் குழந்தைகள் சொல்லுவார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். பின்னங்காலின் நடுவே கூர்மையாகப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டு முழங்கால் அன்று. அது குதிரையின் கணுக்கால். துருத்தியிருக்கும் எலும்பு நம் குதிகாலுக்குச் சமானமானது. உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றின் ஓரத்தோடு ஒட்டினாற்போல், நம்முடைய முழங்காலைப் போலவே முன்பக்கம் பார்த்து நிற்கிறது. அப்படியானால் குதிரை பூமியில் ஊன்றி நிற்பது எதன்மேல்? ஒவ்வொரு காலிலும் ஒரே விரலின் நுனியில்! அந்த நகந்தான் குளம்பு. 400 அல்லது 500 கிலோ எடையுள்ள உடம்பை நான்கு விரல் நுனிகளில் தாங்கிக்கொண்டு, ஆயுள் முழுவதும் அது நடக்கிறது.

நிற்கும்போது பாரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கு முன்னங்கால்களின்மேல் விழுகிறது. 40 பங்கு பின்னங்கால்களுக்கு. ஆனால் வண்டியை இழுப்பதும், மேட்டில் ஏறுவதும், பாய்வதும் பின்னங்கால்களின் பலத்தால்தான். முன்னங்கால்கள் தாங்கும் தூண்கள் என்றால், பின்னங்கால்கள் தள்ளும் இயந்திரங்கள்.

இந்த அமைப்பில் ஓர் அற்புதமும் உண்டு. குதிரை நின்றபடியே தூங்குகிறது என்பது எல்லோரும் அறிந்தது. அதற்காகப் பின் முழங்காலில் இயற்கை ஒரு தாழ்ப்பாள் வைத்திருக்கிறது. முழங்காற் சில்லைப் பிடித்திருக்கும் நாரொன்று எலும்பின் முனைப்பில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டால், கால் மடங்காமல் நின்றுவிடும். தசைக்கு அதிக வேலை இல்லை. அந்தக் காலில் நின்றுகொண்டு மற்றொரு பின்னங்காலைத் தளர்த்தி ஓய்வு கொடுக்கும். பிறகு கால் மாற்றிக்கொள்ளும். ஆழ்ந்த தூக்கத்துக்கு மட்டும் தினம் சிறிது நேரம் படுத்தே ஆகவேண்டும். மூட்டு வலியுள்ள குதிரை எழுந்திருக்கும் வேதனைக்குப் பயந்து படுப்பதையே விட்டுவிடுவதுண்டு. தூக்கம் கெட்டு, நின்றபடியே தள்ளாடி முன் முட்டியில் விழுந்து காயப்படும். “சோம்பேறிக் குதிரை” என்று அதற்குப் பெயர் வைக்கிறோம்!

காணும் கண்

முன்னங்காலில் நோவு என்றால் தலையாட்டத்திலேயே தெரிந்துவிடும். பின்னங்கால் நோவு அவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. அதைக் காண ஒரு முறை இருக்கிறது. கெட்டியான சமதரையில் ஒருவர் குதிரையைக் கயிற்றோடு மெல்லோட்டமாக அழைத்துச் செல்ல, மற்றொருவர் பின்னால் நின்று அதன் இடுப்பெலும்பின் இரு முனைகளையும் கவனிக்க வேண்டும். ஆரோக்கியமான குதிரையில் தராசுத் தட்டுகளைப் போல் இரண்டும் சம அளவில் ஏறி இறங்கும். எந்தப் பக்கம் அதிகமாகத் தூக்கித் தூக்கி விழுகிறதோ அந்தப் பக்கத்துக் கால்தான் பெரும்பாலும் நோவுள்ள கால். மெல்லோட்டத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அந்த நடையில் கால்கள் குறுக்கு ஜோடியாகச் சீராக விழுவதுதான். தாளம் தவறினால் உடனே தெரியும்.

ஓடவிட்டுப் பார்க்காமலும் அடையாளங்கள் உண்டு. லாடத்தின் முன்விளிம்பு ஒரு காலில் மட்டும் சீக்கிரம் தேய்கிறதா? மண் தரையில் குளம்பு நுனி கோடு இழுக்கிறதா? லாடம் கட்டுகிறவர் ஒரு காலைத் தூக்கும்போது மட்டும் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்கிறதா? பள்ளத்தில் இறங்கத் தயங்குகிறதா? பின்னால் நின்று பார்த்தால் தொடைச் சதை ஒரு பக்கம் சூம்பியிருக்கிறதா? இவற்றுள் ஒன்று கண்டாலும் சவுக்கைச் சுவரில் மாட்டிவிட்டு வைத்தியரைத் தேடவேண்டும். வைத்தியர் வந்து மூட்டை ஒரு நிமிஷம்போல் மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓடச் செய்து பார்ப்பார். மரக்கச் செய்யும் ஊசியைக் கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடத்திலும் போட்டு, எந்த இடம் மரத்தபோது நொண்டல் நிற்கிறது என்று சோதிப்பார். பின்னர் எக்ஸ்ரே எடுப்பார். வாயில்லாப் பிராணியிடம் “எங்கே வலிக்கிறது?” என்று கேட்டுப் பதில் வாங்கும் முறை இது.

மூன்று காரணங்கள்

காரணங்கள் பலவாயினும், முதலில் பார்க்கவேண்டியது குளம்பு. கல் சிக்கியிருக்கலாம், ஆணி தைத்திருக்கலாம், உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். நேற்றுவரை நன்றாய் நடந்த குதிரை இன்று காலை காலை ஊன்றவே மாட்டேன் என்றால், பெரும்பாலும் சீழ்தான். வைத்தியர் அதை வெட்டி வடித்துவிட்டால் அதிசயம்போல் குணமாகும். ஆனால் ஆணி தைத்த காயத்தை அற்பமென்று எண்ணலாகாது. இழுப்பு ஜன்னி என்னும் டெட்டனஸ் நோய்க்குக் குதிரையைப்போல் எளிதில் இரையாகும் வீட்டுப் பிராணி வேறில்லை. முன்கூட்டித் தடுப்பூசி போட்டு வைப்பதே விவேகம். மூட்டுக்கு அருகில் குத்துக்காயம் பட்டாலோ, அது எவ்வளவு சிறியதாயினும், அன்றைக்கே வைத்தியம் வேண்டும். மூட்டுக்குள் விஷக்கிருமி நுழைந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரண்டாவது, கணுக்கால் மூட்டின் தேய்வு. இதற்கு ஸ்பாவின் என்று பெயர். கணுக்கால் என்று நாம் ஒன்றாகச் சொல்லுவது உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல மூட்டுகள். மேல் மூட்டுத்தான் கீல்போல் மடங்கி நீள்கிறது. கீழுள்ள இரண்டும் அதிகம் அசையாமல் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கின்றன. கெட்டியான சாலையும், மிதமிஞ்சிய பாரமும், பிறவியிலேயே கோணிய காலும் சேர்ந்தால் இந்தக் கீழ் மூட்டுகளின் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பு எலும்போடு உராய்கிறது. காலையில் விறைப்பாகத் தொடங்கிச் சிறிது தூரம் நடந்தபின் தளர்ந்து நடப்பது இதன் அடையாளம். “வேலை செய்தால் சரியாகிவிடுகிறது, எல்லாம் பாசாங்கு” என்று எஜமானன் நினைத்துக்கொள்வதும் இந்த நோயில்தான். ஆச்சரியம் என்னவென்றால், தேய்ந்த அந்த எலும்புகள் காலக்கிரமத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாகிவிடுவதும் உண்டு. அசைவு நின்றால் வலியும் பெரும்பாலும் நிற்கிறது. அதற்கு மாதங்களோ வருஷங்களோ ஆகலாம். எல்லாக் குதிரைக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதுமில்லை.

மூன்றாவது, முன்னே சொன்ன முழங்கால் தாழ்ப்பாள் திறக்க மறுப்பது. கால் பின்னோக்கி விறைத்து நின்றுவிடும்; குளம்பு நுனி தரையில் தேயும்; பிறகு திடீரென்று வெட்டி இழுத்ததுபோல் விடுபடும். நம் ஊர் உழவு மாடுகளிலும் எருமைகளிலும் இதே கோளாறு உண்டாவதால், கிராமத்து நேயர்கள் பலர் இதைக் கண்டிருப்பார்கள். தசை முற்றாத இளங்குதிரைக்கு நல்ல தீனியும் நாள்தோறும் முறையான நடையும் கொடுத்துத் தொடைச் சதையைப் பலப்படுத்தினாலே பெரும்பாலும் நீங்கிவிடும். நீங்காவிட்டால், அந்த நாரை அறுத்துவிடும் சஸ்திர சிகிச்சை உண்டு. மாடுகளுக்கு இதைக் கால்நடை வைத்தியர்கள் அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, சில நிமிஷங்களில் முடித்துவிடுகிறார்கள். குதிரைக்குப் பின்விளைவுகள் நேரக்கூடுமாதலால் அதைக் கடைசி உபாயமாகவே வைத்திருக்கிறார்கள்.

சூடும் சிகிச்சையும்

மூட்டு வீங்கினால் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவது நம் நாட்டில் மாத்திரம் அன்று, ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இருந்த வழக்கம். புதிய ரணத்தின் வேதனையில் பழைய வலி மறைந்ததுபோல் தோன்றும். சூடு பட்ட பிராணிக்கு வேறு வழியின்றிச் சில வாரம் ஓய்வும் கிடைக்கும். குணம் கண்டது அந்த ஓய்வினால். பெயர் வாங்கியது சூடு. இன்றைய வைத்திய சாஸ்திரம் இதைக் கைவிட்டுவிட்டது.

செய்யத்தக்கவை எளியவையே. குளம்பு மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவிச் சமன் செய்யாவிட்டால், செருப்பின் குதி ஒருபுறம் தேய்ந்தவன் நடப்பதுபோல் மூட்டுகள் எல்லாம் கோணலாக வேலை செய்யும். முதுமையால் மூட்டுத் தேய்ந்த குதிரைக்கு நாள் முழுதும் கட்டிப்போடுவதும் தீங்கு, நாள் முழுதும் ஓட்டுவதும் தீங்கு. தினந்தோறும் மிருதுவான தரையில் மெதுவான நடை கொடுப்பதே நல்லது. படுக்க ஆழமான மணலோ வைக்கோலோ பரப்பவேண்டும். உடம்பில் வீண் கொழுப்பு ஏறவிடலாகாது. ஒவ்வொரு கிலோவும் அந்த மூட்டின்மேல்தான் இறங்குகிறது. இவற்றுக்கு மேல், மூட்டுக்குள் போடும் ஊசி மருந்தும் வலி தணிக்கும் மருந்தும் உண்டு. அவை வைத்தியர் கையால் மட்டுமே வரவேண்டும். குதிரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் பினைல்பியூட்டசோன் என்ற மருந்தே அளவு மீறினால் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அல்லாமலும், வலி மருந்தால் நொண்டல் மறைந்த குதிரையை வண்டியில் பூட்டுவது, நெருப்பை வைக்கோலால் மூடுவது போன்ற காரியம்.

கால்நடைகளுக்கு மனம்போனபடி மருந்து கொடுப்பதன் பலன் எங்கே போய் முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். டைக்ளோபினாக் என்ற வலி மருந்தை நம் நாட்டில் மாடுகளுக்குத் தாராளமாகக் கொடுத்து வந்தார்கள். செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அதை அரசாங்கம் தடை செய்வதற்குள் இந்தியக் கழுகு இனங்களில் சில அழிவின் விளிம்புக்கே போய்விட்டன.

மூன்று கால்களின் பாரம்

1576ஆம் வருஷம் ஹல்திகாட்டில் ராணா பிரதாபரைச் சுமந்து போரிட்ட சேதக் என்ற குதிரையை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். யானையின் துதிக்கையில் பிடித்திருந்த வாளால் சேதக்கின் பின்னங்கால் வெட்டுண்டது என்றும், எஞ்சிய மூன்று கால்களாலேயே எஜமானனைப் போர்க்களத்துக்கு வெளியே சுமந்து சென்று, ஓர் ஓடையைத் தாண்டியபின் விழுந்து உயிர்விட்டது என்றும் ராஜஸ்தானத்தார் சொல்லுகிறார்கள். அதன் சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. அந்தக் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடாதவர் இல்லை. ஆனால் மூன்று கால்களில் நடப்பதென்றால் என்ன என்பதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அது போர்க்களத்தில் ஒரு நாழிகை வீரம். லாயத்தில் நாள்தோறும் நடக்கும் சித்திரவதை.

பணமும் சாஸ்திரமும் நிறைந்த அமெரிக்க தேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். பார்பரோ என்ற பந்தயக் குதிரை 2006ஆம் வருஷம் மே மாதம் 6ஆம் தேதி கெண்டக்கி டெர்பியில் ஆறரைக் குதிரை நீளம் முந்தி ஜயித்தது. இரண்டு வாரம் கழித்து, 20ஆம் தேதி, பால்டிமோர் நகரில் நடந்த பிரீக்னஸ் பந்தயத்தில் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் அதன் வலது பின்னங்கால் இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளாக முறிந்தது. அதன் சொந்தக்காரர்களான ஜாக்ஸன் தம்பதிகள் செலவைப் பாராமல் பென்சில்வேனியா சர்வகலாசாலையின் குதிரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டீன் ரிச்சர்ட்ஸன் என்ற சஸ்திர வைத்தியர் உலோகப் பட்டையும் 27 திருகாணிகளும் வைத்து எலும்பைச் சேர்த்தார். மயக்கம் தெளியும்போது துள்ளிக் காலை முறித்துக்கொள்ளாதிருக்க, அதைத் தண்ணீர்த் தொட்டியில் மிதவையில் கிடத்தித் தெளிவித்தார்கள்.

முறிந்த கால் கூடி வந்தது. கெட்டது முறியாத இடது பின்னங்கால்! ஜூலை மாதத்தில் அந்தக் குளம்பில் லேமினைட்டிஸ் என்ற நோய் கண்டது. குளம்பின் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைத்திருக்கும் மெல்லிய இதழ்கள், அளவு மீறிய பாரத்தை இடைவிடாது தாங்கியதால் இரத்த ஓட்டம் குன்றி விட்டுப்போயின. குளம்புச் சுவரில் நூற்றுக்கு 80 பங்கை அறுத்தெடுத்தார்கள். அதற்குப் பிறகும் பல மாதம் போராடிய குதிரைக்கு, 2007 ஜனவரியில் முன்னங்கால்கள் இரண்டிலும் அந்த நோய் பரவியது. ஊன்றி நிற்க நல்ல கால் ஒன்றுகூட இல்லை. ஜனவரி 29ஆம் தேதி அதை வலியின்றி மரிக்கச் செய்தார்கள்.

ஒரு கால் நொண்டுகிறது என்றால் மற்ற மூன்று கால்களும் கடன் பட்டிருக்கின்றன என்பதே இதிலிருந்து நாம் அறியவேண்டியது. அந்தக் கடன் வட்டியோடு ஏறுகிறது. நோவுள்ள காலுக்கு இன்று ஒரு வாரம் ஓய்வு கொடுக்க மறுப்பவன், நாளைக்கு நான்கு கால்களையும் இழக்கிறான்.

உடையவனின் வயிறு

“ஓய்வு கொடு” என்று எழுதுவது எனக்குச் சுலபம். குதிரையின் அன்றாடச் சம்பாத்தியத்தில் அன்றாடம் அரிசி வாங்குகிறவன் என்ன செய்வான்? அவனை மிருகம் என்று திட்டிவிட்டுப் போவது நியாயம் அல்ல. இதைச் சரியாகக் கண்டுகொண்டவர் டாரதி புரூக் என்ற ஆங்கில மாது. 1918இல் முதல் மகாயுத்தம் முடிந்ததும், பிரிட்டிஷ் சேனை தனக்காக எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் உழைத்த ஆயிரக்கணக்கான குதிரைகளை அங்கேயே விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டது. ஏகாதிபத்தியத்தின் நன்றி அவ்வளவுதான்! 1930இல் கெய்ரோ நகருக்கு வந்த அம்மாது, அந்தப் பழைய யுத்தக் குதிரைகள் எலும்பும் தோலுமாகத் தெருவில் நொண்டிக்கொண்டு பாரம் இழுப்பதைக் கண்டார். 1931இல் லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டிச் சுமார் 5,000 குதிரைகளை விலை கொடுத்து வாங்கினார். பெரும்பாலானவை குணப்படுத்தக்கூடிய நிலையைக் கடந்தவை. சில நாள் நல்ல தீனியும் ஓய்வும் கொடுத்து, வலியின்றி அவற்றுக்கு விடை கொடுத்தார். அவற்றின் சொந்தக்காரர்களும் பரம ஏழைகள் என்பதைக் கண்ட அவர், 1934இல் அந்நகரில் இலவசக் குதிரை ஆஸ்பத்திரி ஒன்றை ஸ்தாபித்தார். அவர் பெயரால் வழங்கும் அந்த ஸ்தாபனம் நம் நாட்டுச் செங்கற் சூளைகளிலும் பணிபுரிந்து வந்திருக்கிறது.

நம்மவர் செய்ததும் சிறிதன்று. நாட்டியக் கலையால் புகழ்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் கொண்டுவந்த மசோதாவின் பயனாகவே 1960ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் உண்டாயிற்று. நோயாலோ காயத்தாலோ வேலைக்குத் தகுதியற்ற பிராணியை வேலையில் பூட்டுவதை அச்சட்டம் குற்றமாக்கியது. முதற்குற்றத்துக்கு அதில் விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரையில். கருணையைச் சட்டத்தால் மட்டும் உண்டாக்கிவிட முடியாது என்பதற்கு இந்தத் தொகையே சாட்சி. குதிரைக்காரர்கள் தங்களுக்குள் சிறு நிதி சேர்த்து, குதிரை நொண்டிய வாரத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது சட்டத்தைவிட அதிகப் பயன் தரும். லாடம் கட்டுவோருக்கு முறையான பயிற்சி அளிப்பது அதனினும் பயன் தரும்.

கடைசிக் கருணை

எல்லாச் சிகிச்சையும் தோற்றால்? நம் நாட்டில் இக்கேள்வியைப் பலர் கேட்கவே அஞ்சுகிறார்கள். உயிரைப் போக்குவது பாவம் என்று சொல்லி, நொண்டிக் குதிரையைத் தெருவில் அவிழ்த்துவிடுகிறார்கள். அது குப்பையைத் தின்று, மோட்டார் வண்டியில் அடிபட்டு, பல நாள் துடித்துச் சாகிறது. பாவம் யாரைச் சேரும்?

1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று ஊனமுற்றுப் பிழைக்க வழியின்றி வேதனையில் கிடந்தது. புரட்டிப் படுக்க வைப்பதும் அதற்குத் துன்பமாயிருந்தது. அஹிம்சையையே உயிர்மூச்சாகக் கொண்ட மகாத்மா காந்தி, பலவாறு யோசித்து, டாக்டரை வரவழைத்து ஊசி போட்டு அதன் வேதனையை முடிக்கச் செய்தார். நாடெங்கும் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. காந்தியடிகள் தம் செய்கையை மறைக்கவில்லை. தம் பத்திரிகையிலேயே பகிரங்கமாக எழுதி விவாதித்தார். தன்னலத்துக்காகவோ கோபத்தாலோ உயிரை வருத்துவதே ஹிம்சை. மீளமுடியாத வேதனையிலிருந்து விடுவிப்பது ஹிம்சையாகாது என்பது அவர் கொண்ட முடிவு. இதில் மாறுபட்ட அபிப்பிராயம் உடையவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கலாம். ஆனால் அவிழ்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது அஹிம்சை என்று மட்டும் யாரும் சாதிக்க முடியாது.

அந்த முடிவுக்குப் போகும் குதிரைகளில் எத்தனையோ, சில மாதம் முன்னதாகக் கவனித்திருந்தால் தப்பியிருக்கும். ஆகையால் கடற்கரைக்கோ மலைவாசத்துக்கோ குழந்தைகளோடு போகும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். சவாரிக்குக் காசை நீட்டுவதற்கு முன் குதிரையின் பின்னால் நின்று, அது நாலு அடி நடப்பதைப் பாருங்கள். இடுப்பு ஒருபுறம் தூக்கி விழுந்தால் ஏறாதீர்கள். குதிரைக்காரரிடம் கோபிக்கவும் வேண்டாம், “ஐயா, உங்கள் குதிரைக்கு இடது பின்னங்கால் நோவுபோல் இருக்கிறது, கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, கூடுமானால் சவாரிக் கூலியையும் கொடுத்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் நின்று கேட்கும் குழந்தை, நம் பழமொழியைவிட மேலான ஒரு பாடத்தை அன்று கற்றுக்கொள்ளும்.